தாய் வராத துவக்கு

மகன் ஜெறோம் வாங்கிவந்த முதலாவது பழைய பட்டாளத் துவக்கைக் கழுவிய பின்னேரம், அக்னேசம்மா தேத்தண்ணிக்கு வைத்த கேத்திலைக் கேளாமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டுபோய் அவன் அந்தத் துவக்குக் குழலில் புனல் வைத்துக் கொதிதண்ணீர் ஊற்ற, குழலின் மற்ற வாயால் வந்த ஆவி குசினி முழுக்கப் பரவி, யன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்து, பிறகு மெல்ல மெல்ல அடங்கியபோது, அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில் சாம்பல்நிறக் கம்பளிச் சால்வை போர்த்த ஒரு வெள்ளைக்காரத் தாய் நின்றாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. கை இரண்டையும் முன்னால் நீட்டி, ஒருவருக்கும் விளங்காத பாஷையில் ஒரு கேள்வி கேட்டாள். மருமகள் டிலாணி துவாய் எடுத்துக்கொண்டு வந்தாள். அக்னேசம்மா கேத்திலை வாங்கித் திரும்ப நிரப்பி வைத்தாள். வீட்டில் ஒரு ஆள் கூடிவிட்டதே.

ஜெறோமில் பிழை சொல்ல ஏலாது என்றுதான் ஸ்காபுரோவில் வந்து குடியேறிய அவர்களுடைய ஊர்ச் சனம் எல்லாம் சொன்னது. குடியில்லை, சீட்டாட்டமில்லை, லிஃப்ற் திருத்துகிற வேலையில் ஒரு நாள் பிந்திப் போனதில்லை. அவனுக்கு இருந்த ஒரேயொரு ஆசை, பழைய சண்டைகளுக்கென்று செய்து, சண்டை முடிந்ததும் அரசாங்கங்கள் பெட்டி பெட்டியாகக் கழித்துவிட்ட துவக்குகளைத் தேடி வாங்குவது. வாங்கி, அரை நூற்றாண்டாக அதில் உறைந்துபோன கிறீஸைத் துடைத்து, மரத்துக்கு எண்ணெய் பூசி, பேஸ்மென்ற் சுவரில் வரிசையாகப் பூட்டுப் போட்டு மாட்டுவது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு வடக்கே ஒன்றரை மணித்தியாலம் வான் ஓடிப்போய், சோளத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற துவக்குக் கழகத்து வெளியில் கடதாசி இலக்குக்குச் சுட்டுவிட்டு வருவது. அந்தக் காலத்து ரவைகளின் மருந்தில் ஒரு உப்பு இருக்கிறதாம். சுட்ட அன்றைக்கே கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் இரண்டு நாளில் குழல் கறள் பிடித்துப்போகுமாம்.

"இது சரித்திரம், அம்மா. இந்த நம்பரைப் பாருங்கோ. ஒவ்வொரு துவக்கிலையும் ஒரு நம்பர் அடிச்சிருப்பாங்கள். எங்கை செய்தது, எந்தப் படைக்குக் குடுத்தது, எல்லாத்தையும் இந்த நம்பரை வைச்சுக் கண்டுபிடிக்கலாம்."

"உன்ரை சரித்திரத்தைக் கழுவ என்ரை கேத்தில்தானோ கிடைச்சது?" என்றாள் அக்னேசம்மா.

வேறு கேத்தில் வாங்கிப் பார்த்தான். அதில் ஊற்றினால் துவக்கு மட்டும் கழுவுப்பட்டது. அக்னேசம்மாவின் அடிக்கரி பிடித்த கேத்திலால் ஊற்றினால்தான் தாய்மார் வந்தார்கள். ஒரு துவக்குக்கு ஒரு தாய், இன்னொன்றுக்கு இரண்டு பேர், துருக்கியிலிருந்து வந்த ஒன்றுக்கு மூன்று பேர். அந்தத் துவக்கு எத்தனை பேரைக் கொன்றதோ அத்தனை பேரின் தாய்மார். வந்தவர்கள் ஒருவரும் வழிகாட்டாமலே படியிறங்கி, பேஸ்மென்ற் கம்பளத்தில் தங்கள் தங்கள் துவக்குக்கு நேர்கீழே இருந்தார்கள். சாப்பிடுவதில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, ஆறும்வரைக்கும் வைத்திருந்து, ஆறியதும் திருப்பித் தந்தார்கள்.

வந்த ஒவ்வொருத்தியும் ஆவியிலிருந்து கால் எடுத்து வைக்கும்போது ஒரு கேள்வி கேட்டாள். டிலாணி தன் போனை அவர்களின் வாய்க்கு நேரே பிடித்துப் பார்த்தாள். போன் முதலில் ஜெர்மன் பாஷை என்றது, பிறகு துருக்கி என்றது, பிறகு தனக்கும் சந்தேகம் என்றது. ஆனால் தமிழில் சொன்னபோது எல்லாவற்றுக்கும் ஒன்றையேதான் சொன்னது: "அவன் வீட்டுக்கு வந்துவிட்டானா?"

அதைக் கேட்டதும் அக்னேசம்மாவின் கையிலிருந்த செபமாலை ஒரு மணியில் நின்றுவிட்டது. அந்தக் கேள்வி அவளுடையது. நாற்பது வருடமாக, எந்த நாட்டில் இருந்தாலும், கடிதத்திலும் பிறகு போனிலும், ஊரில் இருக்கும் தங்கச்சி கிறிஸ்ரீனாவிடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் கேட்பது அதைத்தான். "அவன் வந்தவனோ?" என்று இவள் கேட்பாள். "இன்னும் இல்லையக்கா" என்று அவள் சொல்வாள். அதற்குப் பிறகுதான் சுகம் விசாரிப்பார்கள்.

அவன் என்றால் சவிரி. அக்னேசம்மாவின் மூத்த பிள்ளை. அவர்களின் ஊரான நாவற்கரையில் ஒரு மார்கழி மாதக் காலை, பத்தொன்பது வயதில், வலைக்கு நூல் வாங்கச் சைக்கிளில் போனவன். சந்தியில் ஆமி ஜீப் நின்றதைக் கண்ட ஆட்கள் இருந்தார்கள், சைக்கிள் வேலியோடு சாத்தியிருந்ததைக் கண்ட ஆட்கள் இருந்தார்கள், அவனைக் கண்ட ஆட்கள் இல்லை. அன்றைக்கு ஜெறோமுக்கு ஆறு வயது. அக்னேசம்மா போகாத ஆமிக் காம்ப் இல்லை, கொடுக்காத மனு இல்லை, நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. இங்கே அவர்களின் வீட்டில் செத்தவர்களின் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு லைற் எரியும். சவிரியின் படமோ உயிரோடு இருக்கிறவர்களின் பக்கத்தில், பாரிஸில் இருக்கும் மகளின் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில், லைற் இல்லாமல் தொங்கியது. அவனுக்கு மோட்சப் பூசை ஒப்புக்கொடுக்க அவள் விட்டதில்லை. "செத்தவனுக்குத்தான் பூசை. அவன் செத்தவன் எண்டு எனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டு வந்த சுவாமியார்களைத் திருப்பி அனுப்பினாள்.

சனம் தாய்மாரோடு பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் கோபம் வரும். முதல் கிழமை பிட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்தார்கள். இரண்டாம் கிழமை படம் எடுக்க வந்தார்கள். மூன்றாம் கிழமை, சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் யோகம் வந்து, "சும்மாதானே இருக்கினம், அக்கா, ரெண்டு பேரை விட்டியள் எண்டால் றோல்ஸ் சுத்துவினம், அவைக்கும் பொழுது போகும்" என்று கேட்டு, வேண்டாம் என்று அக்னேசம்மா சொல்லி முடிக்க முன்னமே இரண்டு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். பிறகு பிறந்தநாள் விழாக்களுக்கு இரவல் கேட்கத் தொடங்கினார்கள். சபையில் வெள்ளைக்காரத் தாய் ஒருத்தி இருந்தால் படத்துக்கு எடுப்பாக இருக்குமாம். தமிழ்ப் பங்குச் சுவாமியார் ஞாயிறு பிரசங்கத்தில், இது விசுவாசத்துக்கு விரோதமான காரியம் அல்ல, ஆனால் கார் நிறுத்தும் இடத்தில் அவர்களை நிற்கவைக்க வேண்டாம், மழை பெய்கிறது என்று சொன்னார்.

துவக்குக் கழகத்து ஆட்கள் இதைவிட மோசம். தாய் உள்ள துவக்குக்கு மதிப்புக் கூடிப்போயிற்று. கழகத்தில் சூட்டுவெளிக்குப் பொறுப்பாக இருந்த டக் என்கிற தாடிக்காரரிலிருந்து, இரண்டு மாகாணம் தள்ளி இருந்தவர்கள்வரை, துவக்குகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அக்னேசம்மாவின் குசினி வாசலில் வரிசையில் நின்றார்கள். ஒருவனின் துவக்குக்கு ஐந்து தாய்மார் ஒருமிக்க வந்தார்கள். குசினியில் நிற்க இடமில்லாமல் ஒருத்தி தொட்டிக்குள் நின்றாள். அந்த மனுசன் பிள்ளை பிறந்தவன் மாதிரி எல்லோருக்கும் சொக்கிலேற் பெட்டியை நீட்டினான். அக்னேசம்மாவுக்கும் நீட்டினான். அவள் எடுக்கவில்லை.

"எடுங்கோ மாமி, சந்தோசத்திலை தாறார்," என்றாள் டிலாணி.

"அஞ்சு பிள்ளையளைச் சாக்கொண்ட சந்தோசம். நீ தின், பிள்ளை."

டிலாணியும் எடுக்கவில்லை.

அக்னேசம்மாவை வீட்டிலிருந்து வெளியே இழுத்தது அந்தச் சாம்பல்நிறச் சால்வைதான். ஞாயிறுகளில் தாய்மாரும் தங்கள் துவக்குகளோடு வானில் ஏறிப் போனார்கள், பின்னேரம் வான் திரும்பி வரும்போது அந்தத் தாயின் சால்வையில் புதிது புதிதாக வட்ட வட்ட ஓட்டைகள் இருந்தன. திங்கட்கிழமைகளில் அக்னேசம்மா கம்பளி நூல் கோத்து ஒவ்வொன்றாக இழையோடினாள். நாலாவது திங்கள், இருபத்தியேழாவது ஓட்டையைத் தைக்கும்போது, பூச்சி அரித்தால் இப்படி வட்டமாக அரிக்காதே என்று பட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் உடுப்போடு அவளும் வானில் ஏறினாள்.

அங்கே, புல்வெளியின் இந்தக் கரையில் மேசைகள், அந்தக் கரையில் மண்மேடு, மண்மேட்டுக்கு முன்னால் கடதாசி இலக்குகள். வான் நின்றதும் தாய்மார் இறங்கி, ஒருவரோடும் பேசாமல், பூசையில் நற்கருணை எடுக்கப் போகிறவர்கள் மாதிரி ஒருவர்பின் ஒருவராகப் புல்லுக்குள்ளால் நடந்துபோய், ஒவ்வொருத்தியும் தன் துவக்கு குறிபார்க்கும் இலக்குக்கு முன்னால் கை இரண்டையும் விரித்து நின்றார்கள். டக் மணி அடித்தார். ஜெறோமும் மற்றவர்களும் காதுக்குக் கவசம் போட்டுக்கொண்டு சுட்டார்கள். வெடி தாய்மாருக்குள்ளால் போய்க் கடதாசியில் பட்டது. கழகத்து விதிப் பலகையில், சிகரெட் பிடிக்கக்கூடாது என்பதற்குக் கீழே, புது மையில் ஒரு விதி எழுதியிருந்தது: இலக்குக்கு முன்னால் தாய்மார் நிற்பது சூட்டுக்குத் தடையாகாது.

"இதென்ன வேலை, தம்பி?"

ஜெறோம் கவசத்தைக் கழற்றினான். "அவையாத்தான் போய் நிக்கினம், அம்மா. நாங்கள் ஒருத்தரும் சொல்லேல்லை. முதல் நாள் எல்லாரும் பயந்துதான் போனம். பிறகு பாத்தால், புகைக்குள்ளாலை போறமாதிரிப் போகுது. அவைக்கு நோகிறேல்லை."

"நோகிறேல்லை எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் கத்தேல்லையே."

"கத்தாட்டி நோகேல்லையோ? நான் நாப்பது வருசமாக் கத்தினதை நீ கேட்டனியோ?"

ஜெறோம் குனிந்து தரையில் கிடந்த வெடிக் கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினான். அதைக் கண்ட டக், நல்ல மனுசன், அக்னேசம்மாவுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டு, காதுக்கு ஒரு கவசமும் கொடுத்தார். அவள் இரண்டையும் விட்டுவிட்டு வானுக்குள் ஏறி, கதவை அடித்துச் சாத்தி, செபமாலையின் துக்க தேவ இரகசியம் ஐந்தையும் வெடிச்சத்தத்துக்கு மேலால் கேட்கத்தக்கதாக உரத்துச் சொன்னாள். கோபத்தில் மூன்றாவதை இரண்டு தரம் சொன்னாள். "நீர் சிலுவையிலை தொங்கேக்கை உம்முடைய தாயைப் பிடிச்சுக்கொள்ள ஒரு ஆளை விட்டனீர், ஆண்டவரே. இவளவைக்கு ஆரை விட்டனீர்?" என்று கேட்டாள். மரியாதை இல்லாமல்தான் கேட்டாள். பிறகும் அவள் அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்தத் துவக்கு வந்தது.

"எங்கட பக்கத்துத் துவக்கு, அம்மா," என்று ஜெறோம் பெட்டியைத் திறந்தான். சந்தோசத்தில் அவன் குரல் பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது. திறீ-நொட்-திறீ. ஊரில் ஜீப்பில் வந்தவர்கள் மடியில் படுக்கவைத்திருந்த அதே சாதி. யாரோ எங்கேயோ கழித்துவிட்டு, கப்பலில் ஏற்றி, மூன்று கைமாறி, இந்த நாட்டின் நடுவில் ஒரு கோதுமைக் கமக்காரனின் கொட்டிலில் கிடந்து, இப்போது அக்னேசம்மாவின் குசினி மேசையில் கிடந்தது. அடிக்கட்டையில் யாரோ கத்தியால் சின்னதாக ஒரு கீறு போட்டிருந்தார்கள். ஒரேயொரு கீறு.

"இதை ஏன் வாங்கினனீ?"

ஜெறோம் துணியால் குழலைத் துடைத்தான். "சின்னனிலை இதைக் கண்டு ஒளிச்சிருக்கிறன், அம்மா. கட்டிலுக்குக் கீழை. இப்ப இது என்ரை. பூட்டும் திறப்பும் என்னட்டை."

அதற்கு அவளால் கோபிக்க முடியவில்லை. மாடிக்குப் போய்ச் செபமாலை சொல்ல இருந்தாள். முதலாம் இரகசியம் முடியவில்லை. குசினியில் ஆவி கலைந்தபோது ஒரு தாயும் வரவில்லை என்று ஜெறோமும் டிலாணியும் பார்த்தார்கள். அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில் அக்னேசம்மாதான், செபமாலையும் கையுமாக, தலை நனைந்து நின்றாள்.

"எப்ப கீழை வந்தனீங்கள், மாமி?"

"கேத்தில் கூவினது," என்றாள் அவள். படியிறங்கி வந்தது அவளுக்கு ஞாபகம் இல்லை. வயது போனால் அப்படித்தான் என்று நினைத்துத் துவாயால் தலையைத் துவட்டினாள்.

இரண்டாம் தரமும் ஊற்றிப் பார்த்தார்கள். கோயிலில் பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டு நின்ற அக்னேசம்மா, பூவும் கையுமாகக் குசினியில் நின்றாள். "நீங்கள் எப்பவும் சரியா இந்த நேரம் பாத்து வந்து நிப்பியள்," என்று சிரித்த ஜெறோம், அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட்டான்: ஒரு தாயும் வராத துவக்கு தன்னிடம் இருக்கிறது, ஒரு உயிரும் எடுக்காத துவக்கு, அதுவும் எங்கட பக்கத்துத் துவக்கு.

பேஸ்மென்றில் இருந்த தாய்மார் மட்டும் அதை நம்பவில்லை. புதுத் துவக்கைச் சுவரில் மாட்டியதும் அவர்கள் எழுந்து, அரக்கி நகர்ந்து, நெருக்கி இருந்து, அதற்கு நேர்கீழே ஒரு ஆள் இருக்கக்கூடிய இடத்தை விட்டார்கள். அக்னேசம்மா தேத்தண்ணி கொண்டு போகும்போதெல்லாம் சாம்பல்நிறச் சால்வைக்காரி அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள், பஸ்ஸில் பக்கத்துச் சீற்றைத் தட்டி இருங்கோ என்கிற மாதிரி. அக்னேசம்மா பார்க்காதவள் மாதிரிக் கோப்பைகளை வைத்துவிட்டு மேலே வந்தாள். தாய்மாருக்குக் கொடுக்கிற கோப்பைகளில் ஒன்றைக் கூடுதலாக வைத்துவிட்டு வந்ததை மேலே வந்துதான் கவனித்தாள்.

நாவற்கரை ஊர்ச் சங்கத் தலைவர் பஸ்ரியாம்பிள்ளைக்கு இந்தத் துவக்கின் கதை காதில் விழுந்ததும் அவர் அந்தப் பின்னேரமே வந்தார். ஆடி மாதம் சங்கத்தின் ஒன்றுகூடல். இந்த முறை துவக்குக் கழகத்து வெளியில் வைத்து, ஊரில் இழந்த பிள்ளைகள் எல்லோருக்கும் மூன்று வெடி மரியாதை. பாவம் படாத துவக்கால்.

"பதினெட்டுப் பேற்றை பேர் இருக்கக்கா. சவிரியின்ரை பேரையும் போட்டால் பத்தொன்பது."

"அவன்ரை பேர் அதிலை வராது."

"நாப்பது வருசமக்கா. இன்னும் எத்தினை காலத்துக்கு…"

"நீ எத்தினை பிள்ளையைத் துலைச்சனீ, தம்பி பஸ்ரியான்?"

பஸ்ரியாம்பிள்ளை தேத்தண்ணியைக் குடித்தார். "கோவிக்காதையுங்கோ. மரியாதை செய்யத்தானே கேக்கிறம்."

"ஆரை எதாலை சுட்டாங்களோ, அதாலையே அவைக்கு மரியாதை. நல்ல யோசினை. கட்லட்டும் குடுப்பியள்தானே?"

"யோகம் குடுக்கிறான்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை, பகிடி விளங்காமல்.

ஒன்றுகூடலுக்கு அக்னேசம்மா போகவில்லை. ஞாயிறு காலைப் பூசையால் வந்து பார்த்தால் கேத்திலைக் காணவில்லை. வீடு வெறிச்சென்று இருந்தது, பேஸ்மென்றும் வெறிச்சென்று இருந்தது. தாய்மாரையும் வானில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் வீட்டில் உடுக்கிற சோட்டியோடு குசினியில் இருந்து பயித்தங்காய் முறித்தாள். முறித்துக்கொண்டே அருள் நிறைந்த மரியே சொன்னாள், ஒரு காய்க்கு ஒரு செபம். யன்னலால் வந்த வெயில் மேசையில் விழுந்தது. இருபதாவது காய் கையில் இருந்தது.

ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில், கூடாரங்களும் தோரணங்களும் கட்டிய வெளியில், முந்நூறு பேருக்கு முன்னால் பஸ்ரியாம்பிள்ளை மைக்கைப் பிடித்தார். "அன்பான ஊர்மக்களே, ஒரு உயிரும் எடுக்காத துவக்கு ஒண்டு ஆண்டவற்றை கிருபையாலை எங்களுக்குக் கிடைச்சிருக்கு. சந்தேகம் உள்ள ஆக்கள் கிட்ட வந்து பாக்கலாம். இப்ப எல்லாருக்கும் முன்னாலை தண்ணி ஊத்திக் காட்டுறம்." ஜெறோம் கறுப்புச் சூட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டிருந்தான். ஜெனரேற்றரில் ஓடிய மின்னடுப்பில் கொதித்த கேத்திலை எடுத்து, புனல் வைத்து, ஊற்றினான்.

ஆவி வந்தது. குசினியில் வந்ததைப்போல அல்ல, வயலில் மூடுபனி இறங்குவதுபோல வந்து, மேசையை மூடி, தோரணத்தை மூடி, முன்வரிசையில் கோட்டும் சூட்டுமாக இருந்தவர்களை மூடி, பிள்ளைகள் இருமி, பெண்கள் சேலைத்தலைப்பால் விசிறி, பிறகு மெல்ல மெல்ல அடங்கியது.

மேசைக்கு முன்னால் அக்னேசம்மா நின்றாள். வெறுங்கால். வீட்டுச் சோட்டி. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கையில் பாதி முறித்த பயித்தங்காய். கை இரண்டும் அவளைக் கேளாமல் முன்னால் நீண்டன, வாய் அவளைக் கேளாமல் திறந்தது.

"அவன் வீட்டை வந்திட்டானோ?"

இதே கேள்வியை இந்தச் சனம் எத்தனையோ பாஷையில் கேட்டுவிட்டது, கேட்டுக் கேட்டுப் பழகியும் விட்டது. இந்த முறை ஒருவருக்கும் போன் தேவைப்படவில்லை.

"அம்மா, நீங்கள் என்னெண்டு இஞ்சை வந்தனீங்கள்?"

"நீ ஊத்தினாய். நான் வந்தன்."

ஜெறோமின் கையுறைக்குள்ளிருந்து கேத்தில் விழுந்தது. அவன் துவக்கைப் பார்த்தான், அடிக்கட்டையில் இருந்த அந்த ஒரு கீறைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். "அம்மா… அண்ணா…"

"ஓம்," என்றாள் அக்னேசம்மா.

அவள் அழவில்லை. நாற்பது வருடமாக அழுவதற்கென்று வைத்திருந்த கண்ணீர் அந்த ஒரு சொல்லோடு வற்றி, அது இருந்த இடத்தில் வேறொன்று மூண்டு எரிந்தது. அப்போதுதான் பஸ்ரியாம்பிள்ளை தொண்டையைச் செருமி மைக்கில் சொன்னார்: "அக்கா வந்தது பெரிய ஆசீர்வாதம். ஆராவது ஒரு கதிரை குடுங்கோ. நேரம் போகுது, மூண்டு வெடிதானே, முடிச்சிட்டுச் சாப்பாட்டுக்குப் போவம்."

அக்னேசம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பட்டியல்லை எத்தினை பேர்?"

"பதினெட்டக்கா."

"பத்தொன்பது எண்டு எழுது. வடிவாய் எழுது. செபஸ்தியான் சவிரிமுத்து. நூல் வாங்கப் போன பிள்ளை எண்டும் எழுது."

அவர் எழுதினார்.

"இப்ப மரியாதை செய்யுங்கோ," என்றாள். "நான் அங்கை நிக்கிறன்."

அவள் புல்லுக்குள்ளால் நடந்தாள். முழங்கால் நோவோடு, சீனி வருத்தத்தில் மரத்துப்போன பாதத்தோடு, ஈரச் சோட்டி காலில் ஒட்ட, மெல்லத்தான் நடந்தாள். அந்தக் கரையில் தாய்மார் ஏற்கனவே நின்றார்கள், கை விரித்து, வரிசையாய். நடுவில் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள். சாம்பல்நிறச் சால்வைக்காரி அந்த இடத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். அக்னேசம்மா போய் அதில் நின்று, திரும்பி, பயித்தங்காயைச் சோட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, கை இரண்டையும் விரித்தாள்.

"அவவும் ஆவியிலை வந்தவதானே," என்று பின்வரிசையில் ஒரு குரல் தொடங்கியது. "சுட்டாலும் ஒண்டும்…" என்ற இடத்தில் தன் சத்தம் தனக்கே கேட்டு நின்றுவிட்டது. ஆவியில் வந்த தாய்மாருக்குக் கழகத்தில் விதி இருந்தது. சுகாதார அட்டையும், பஸ் பாஸும், காலை மாலை இரண்டு சீனிக் குளிசையும், முன்வரிசையில் மகனும் மருமகளும் உள்ள தாய்க்கு ஒரு விதியும் இல்லை. ஒருத்திக்கு முன்னால் இறங்கிய துவக்குகள், பக்கத்தில் நின்றவர்களுக்கு முன்னாலும் இறங்கின. ஏனென்றால் கை விரித்து நின்ற வரிசையில் எவள் உயிரோடு இருக்கிறவள், எவள் இல்லாதவள் என்று அவ்வளவு தூரத்திலிருந்து பிரித்துப் பார்க்க ஒருவராலும் முடியவில்லை. டக் தொப்பியைக் கழற்றினார். பிறகு போய்ச் சிவப்புக் கொடியை ஏற்றினார். வெளியில் ஆள் நிற்கிறது, சுடக்கூடாது என்கிற கொடி.

டிலாணி துவாயோடு ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஜெறோம், சூட்டோடு, ஆறு வயதுப் பிள்ளை ஓடுகிற மாதிரி ஓடினான்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், பூசை முடிந்ததும், தாய்மாரும் அக்னேசம்மாவும் அந்த வெளியில் போய் நிற்கிறார்கள். மகனே வான் ஓட்டுகிறான். டக் காலையில் ஏற்றுகிற கொடியைப் பின்னேரம்தான் இறக்குகிறார். மண்மேட்டில் புல் முளைத்துவிட்டது. ஒரு மனுசி தங்களுடைய பொழுதுபோக்கைக் கெடுத்துவிட்டாள் என்று கழகத்தில் கொஞ்சப் பேருக்கு மனவருத்தம் இருக்கிறது. யோகத்துக்கும் இருக்கிறது, அவனுடைய றோல்ஸ் சுற்ற இப்போது ஒரு தாயும் போவதில்லை. கேத்தில் விழுந்ததில் அதன் மூக்கு நெளிந்துபோனது. ஆனாலும் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கிறது, தேத்தண்ணிக்கு மட்டும்.

ஒன்றுகூடல் நடந்த அன்று பின்னேரம் அக்னேசம்மா சவிரியின் படத்தை மறுபக்கச் சுவரில் மாட்டச் சொல்லி, கீழே சிவப்பு லைற்றைத் தானே கொளுவினாள். சுவாமியாருக்குப் போன் எடுத்துப் பூசைக்கு நாள் கேட்டாள். பிறகு, ஞாயிறு என்றபடியால், தங்கச்சிக்கு எடுத்தாள். முழங்கையில் முட்டுகிறமாதிரி ஜெறோம் பக்கத்தில் இருந்தான், அந்தத் துவக்கு மேசையில் கிடந்தது.

மற்றப் பக்கத்தில் கிறிஸ்ரீனா காத்துக்கொண்டிருந்தாள். வழமையான பதில் வாயில் தயாராக இருந்தது. கேள்வி வரவில்லை.

"என்னக்கா, இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை?"

"அந்தக் கேள்வி முடிஞ்சுது, பிள்ளை," என்றாள் அக்னேசம்மா. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துவக்கின் இரும்பில் அடித்திருந்த இலக்கங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். "இனி வேறை கேள்வி. ஒரு பேனை எடு. நான் சொல்லச் சொல்ல ஒரு நம்பர் எழுது. அந்த மார்கழி மாதம் இந்த நம்பர் துவக்கை ஆற்றை கையிலை குடுத்து அனுப்பினவை எண்டு, நாளைக்குக் காலமை ஆமிக் காம்பிலை போய்க் கேள். சொல்லாட்டி நாளையிண்டைக்கும் போய்க் கேள். எழுதிறியோ?"

"எழுதிறன், அக்கா."

"நாலு," என்றாள் அக்னேசம்மா.